நினைவூட்டும் அக்கா

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா வந்துவிடுவாள். "உங்கள் குழந்தை இப்போது ஒரு மாங்காய் அளவு இருக்கும். அசைவு தெரிகிறதா?" என்று கேட்பாள். கீழே வரிசையாகப் பதில் விழும். ஆங் அக்கா, தெரியுது அக்கா, வயித்துக்குள்ள மீன் ஓடற மாதிரி கீது அக்கா. மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பாள். பதில் சொல்லாதவர்களின் பேரை மட்டும் பொறுக்கி எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி, "இவர்கள் இன்னும் சொல்லவில்லையே?" என்று மறுபடியும் கேட்பாள். அவளுக்குக் கோபம் வராது, சலிப்பும் வராது. அந்த அக்கா ஒரு மெஷின்.

கர்ப்பிணிகளுக்கான இணைய மன்றம் அது. ஒரே மாதத்தில் பிள்ளை பெறப்போகிறவர்களை ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியாட்கள் எட்டிப் பார்க்க முடியாது. குழந்தைகளுக்கு ஒரு வயது ஆகும்வரை அந்த அறை இருக்கும், பிறகு மூடிவிடும். என் மகளைச் சுமந்தபோது நானும் அப்படி ஓர் அறையில் இருந்தவள்தான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், எங்கள் ஊர்ப் பக்கத்து அறைகளை மேற்பார்வை பார்க்கிற வேலையைச் சும்மாவே ஏற்றுக்கொண்டேன். மட்டுறுத்துநர் என்று அதற்குப் பேர். அந்தப் பேரை ஒருத்தி வாயாலும் நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் நானும் அக்காதான். அந்த மெஷினுக்கும் எனக்கும் மன்றம் கொடுத்திருந்த படமும் ஒன்றே. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண்ணின் ஓவியம்.

என் வீடு திருத்தணியில், மலைக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வீட்டுக்காரர் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்விடுவார். மகளை வேனில் ஏற்றிவிட்டால் சாயங்காலம்வரை நானும் என் ஃபோனும்தான். அதிகாரம் பண்ணுவது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், மறைப்பானேன். அறைக்கு இரண்டு விதி போட்டேன். ஒன்று, பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற இடத்தில் கெட்ட சேதி பேசக்கூடாது. இரண்டு, முதல் மொட்டை போடுகிறவரை குழந்தையின் முகத்தைப் படம் பிடித்துப் போடக்கூடாது, கண்ணு படும். கை, கால், முதுகு போடலாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்படி ஓர் அறையில் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருத்தி இருந்தாள். விவசாயக் குடும்பம், தலைப்பிரசவம். அதிகம் எழுதமாட்டாள். எழுதினால் ஒரு வரிதான். "கரும்பு வெட்ற எடத்துல போயி நிக்கலாமா அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள், "சந்தோஷமா இருந்தா கொழந்தைக்குத் தெரியுமா அக்கா?" எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் ஒரே கும்மாளம், ஆர்.கே.பேட்டைக்காரி ஒருத்திக்கு அன்று வளைகாப்பு. தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், சத்தமான ஆள். கை நிறைய வளையலோடு படம் போட்டிருந்தாள். எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, அதற்குக் கீழே கண்டிகைக்காரியின் பதிவு வந்து விழுந்தது. வழக்கம்போல ஒரு வரி இல்லை, நீளமாக இருந்தது. முதல் வரியைப் படித்தேன். "என் கொழந்த உள்ளேயே அடங்கிட்டான், நேத்து எடுத்துட்டாங்க."

மிளகாய்க் கையோடு ஃபோனை அழுத்தி அந்தப் பதிவை மறைத்தேன். வந்து நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது, வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. வளைகாப்புப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம், அறையில் இருந்த மற்றவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் கண்ணில் இது படாமல் தடுத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பதிவை மறைத்தால் மன்றம் தானாகவே எழுதியவருக்கு ஒரு கடிதம் அனுப்பும். "உங்கள் பதிவு விதிகளுக்கு ஏற்ப இல்லாததால் நீக்கப்பட்டது. தொடர்ந்து இணைந்திருங்கள்." அதுவும் அவளுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தனியாக எழுதினேன். மனசு கேக்கல, உடம்பைப் பாத்துக்கம்மா, எப்ப வேணா பேசு. பதில் வரவில்லை. மன்றத்தை நடத்துகிறவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கும் எழுதினேன். இந்தப் பெண்ணின் பேரை மெஷினின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், மாதாமாதம் இனிமேல் கேட்கக்கூடாது என்று. அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி, பத்து மணி. "வாழ்த்துகள்! உங்கள் குழந்தைக்கு இது முதல் மாதம். குழந்தை எப்படி இருக்கிறது?" எல்லாரும் எழுதினார்கள். பால் குடிக்கறான், ராத்திரி பகல் தெரியல, ஆர்.கே.பேட்டைக்காரிக்குப் பையன், "என் நைனா என்னத் தூங்கவே உடமாட்றான்." மூன்று நாள் கழித்து மெஷின் மறுபடி வந்தது. பதில் சொல்லாதவர் பட்டியலில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

உடனே அதை மறைக்கப் பார்த்தேன். உறுப்பினர் எழுதியதை நான் மறைக்கலாம், மெஷின் எழுதியதைத் தொட முடியாது. வெளிநாட்டுக்காரருக்கு அவசரம் என்று போட்டு எழுதினேன். அதற்குள் அறையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. கண்டிகை எங்கேப்பா, நல்லபடியா ஆச்சா, இன்னா கொழந்த, சொல்லவேயில்லயே. யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான். என்ன எழுதி அவர்களை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேர் மின்னியது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. வெகுநேரம் அப்படியே காட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கான் அக்கா."

அவ்வளவுதான். இதயப் படங்கள் கொட்டின. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிளாக் பண்ணிடு, வேற இன்னா?" என்றார். அவருக்கு எல்லாமே சுவிட்சுதான். அவளை வெளியே தள்ள எனக்கு மனசு வரவில்லை. வெளியே தள்ளினால் ஏன் என்று நாற்பது பேர் கேட்பார்கள், அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. வெளிநாட்டுக்காரர் பதில் எழுதினார். பிரசவ தேதியை வைத்துத்தான் மெஷின் பேசுகிறது, ஒருத்தியை மட்டும் பிரிக்க இப்போது வழியில்லை, அடுத்த முறை சரிசெய்கிறோம்.

இரண்டாம் மாதம் அக்கா கேட்டாள், முகம் பார்த்துச் சிரிக்கிறதா? "சிரிக்கறான். மழ பேஞ்சா சிரிக்கறான்." நாலாம் மாதம், தலை நிற்கிறதா? "நிக்குது. காக்கா கத்தனா திரும்பறான்." ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தான். ஆறாம் மாதம் கஞ்சி குடித்தான், கேழ்வரகு பிடித்தது, அரிசி பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். இவள் அப்படிச் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளை விட ஒரு வாரம் முந்தியும் இல்லை, அதிகமாகப் பிந்தியும் இல்லை. நடுவில் ஒரு மாதம் அவனுக்குச் சளி பிடித்து இரண்டு நாள் பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் கவலைப்பட்டேன். எதற்குக் கவலைப்பட்டேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது பயமாக இருந்தது.

படமும் போட்டாள். உத்தரத்திலிருந்து புடவையில் கட்டிய ஏணை தொங்கியது. அடிப்பக்கம் பாரத்தில் இறங்கி உருண்டிருந்தது. "தூங்கறானா? நல்லா மூடி வெய்யி, கண்ணு படப்போவுது" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். முகத்தைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நான்தான் விதி போட்டிருந்தேனே.

அதைவிட மோசம், எல்லாரும் அவளிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். வயிறு உப்புசமா இருக்கு, பல் முளைக்கும்போது ஜுரம் வருமா, பால் மறக்க வைப்பது எப்படி. அவள் பொறுமையாகப் பதில் எழுதுவாள். எங்கே படித்தாளோ, யாரிடம் கேட்டாளோ, சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. "கண்டிகை சொன்னாப்ல செஞ்சேன், என் நைனாவுக்கு சரியாப் பூடுச்சி" என்று ஆர்.கே.பேட்டைக்காரி எழுதினாள். அரக்கோணத்தில் மெக்கானிக் வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்க அம்மாவுக்குக்கூட இவ்ளோ தெரியாது" என்றாள். நாற்பது தாய்மார்களில் எல்லாரும் நம்பியது அவளைத்தான்.

மறைத்த பதிவுகள் எனக்கு மட்டும் தெரிகிற ஒரு பட்டியலில் இருக்கும், சாம்பல் நிற எழுத்தில், முதல் வரி மட்டும். அடிக்கடி அங்கே போய்ப் பார்ப்பேன். உண்மையிலேயே அப்படி ஒன்று வந்ததா, நான்தான் வேறு யாருடையதையோ குழப்பிக்கொண்டேனா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த வரி அங்கேயே இருக்கும். திறந்து மீதியைப் படிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் மகளுக்குச் சட்டை எடுக்கும்போது, சின்ன அளவு ஒன்றைக் கையில் எடுத்து, ஏழு மாசத்துப் பிள்ளைக்கு இது பத்துமா என்று கடைக்காரரைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரை நினைத்துக் கேட்டேன் என்று தெரிந்தது. சட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கண்டிகைக்குப் பஸ் ஏறினேன். நேரில் பார்த்து, போதும்மா, இனிமேல் எழுதாதே, நான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவதாகத்தான் எண்ணம். கையில் என்ன கொண்டுபோவது என்றே தெரியவில்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகிற மாதிரி எதுவும் வாங்க முடியாது. துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி வெறுங்கையோடு போகவும் முடியாது. பஸ் நிலையத்தில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். டீக்கடையில் அவள் பேரைச் சொன்னதும் வழி காட்டினார்கள்.

அவள் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, அடர்ந்த ஒற்றைப் பின்னல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏணை. அதிலிருந்து ஒரு கயிறு அவள் கால் கட்டைவிரலுக்கு வந்தது. காலை அசைக்க அசைக்க ஏணை ஆடியது. நான் யாரென்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"வாங்கக்கா," என்றாள். பிறகு உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்கனான்."

நான் குரலைத் தாழ்த்தினேன். அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. எல்லாம் தெரிந்தவள், சொல்ல வந்தவள், குரலைத் தாழ்த்தி, செருப்பைச் சத்தமில்லாமல் விட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். வெயில், பஸ், கடலை விளைச்சல் என்று கிசுகிசுவென்று ஏதேதோ பேசினோம். உத்தரத்தில் கயிறு பாரத்தோடு முனகியது. ஒரு அடி எட்டி வைத்திருந்தால் உள்ளே பார்த்திருக்கலாம். நான் சுவரை விட்டு நகரவில்லை. சாத்துக்குடியை வைத்துவிட்டு, "முழிச்சிக்கப் போறான், நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நானே சொன்னேன் அப்படி.

வாசலில் இருந்த அவள் கணவர் என் பின்னாலேயே வந்தார். சாலைவரை கூடவே வந்தவர், பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார். "உள்ள ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு படி வேர்க்கல்ல, துணியில சுத்தி வெச்சிகிறா. நாங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல." வருகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார். "மொத ஒரு மாசம் பச்சத் தண்ணிகூட எறங்கலீங்க. அந்த ஃபோன்ல அக்கா கேட்டாங்க பாருங்க, அதுக்கு பதில் எழுதினாளே, அன்னிக்குதான் எழுந்து சோறு துன்னா. அத்த மட்டும் நிறுத்திடாதீங்க. உங்களுக்கு புண்ணியமா போவும்."

பஸ்ஸில் வரும்போது அழுதேன். அதன் பிறகு வெளிநாட்டுக்காரருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். பத்தாம் தேதி பத்து மணிக்கு மெஷின் வராமல் போய்விடுமோ என்று நானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன்.

பத்தாம் மாதம் முடியும்போது ஆர்.கே.பேட்டைக்காரி அந்தக் குண்டைப் போட்டாள். ஒற்றைப்படை மாதத்தில்தானே முதல் முடி எடுப்பது, பதினோராம் மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திருத்தணி மலையில் மொட்டை போடுவோம், அன்றைக்காவது முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. கிருத்திகையில் கூட்டம் தாங்காது, அதனால் அக்கா கேட்கிற பத்தாம் தேதியே போகலாம் என்று நாளும் குறித்துவிட்டாள். அந்த விவாதத்தை மூடினேன். "சந்திப்புகளை இங்கே திட்டமிடக் கூடாது" என்று எழுதினேன். அப்படி ஒரு விதியே கிடையாது, அந்த நிமிஷம் உண்டாக்கினேன். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று திறந்தார்கள். அதையும் மூடினேன். "அக்காவுக்கு இன்னா ஆச்சி இன்னிக்கி?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதைத் திறந்தார்கள். ஆறேழு பேர் வருகிறோம் என்றார்கள். எல்லாருக்கும் கடைசியாக அவள் எழுதினாள். "நாங்களும் வரோம்."

நாங்களும். அந்தச் சொல்லை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தனியாக அவளுக்கு எழுதினேன். வர வேண்டாம்மா, ஜுரம்னு சொல்லிடு, மத்ததை நான் சமாளிக்கிறேன். உடனே பதில் வந்தது. "பதினோராம் மாசம் முடி குடுக்கறேன்னு வேண்டிகினு கீறேன் அக்கா. சாமி கடன் நிக்கக்கூடாது."

எதைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாள்? துணியில் சுற்றிய வேர்க்கடலையை அத்தனை பேர் நடுவில் நாவிதர் முன்னால் நீட்டப்போகிறாளா? யாராவது துணியை விலக்கிவிட்டால் அவள் என்ன ஆவாள்? மறுபடி பச்சைத் தண்ணீர் இறங்காமல் போனால்? மலைக்குப் போகும்வரை இதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மொட்டை போடும் மண்டபத்தில் காலையிலேயே ஈரமும் சந்தனமும் அழுகையுமாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஒரு தூணடியில் கூடியிருந்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு முடித்துவிட்டார்கள். மஞ்சள் தலைகளோடு தேம்பிக்கொண்டிருந்தன. அரக்கோணத்துப் பெண்ணும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "எங்க முஸ்லிம் வீடுகள்ல ஏழாம் நாளே முடி எடுத்துருவோம் அக்கா, இவங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். எல்லாரும் ஒருத்தியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டிகை வந்தாச்சா, எப்படி இருப்பா, பையன் யார் மாதிரி.

பத்து மணி ஆயிற்று. ஆறு பைகளுக்குள் ஆறு ஃபோன்கள் ஒன்றாகக் கிணுங்கின. என்னுடையது ஏழாவது. பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தன. ஆர்.கே.பேட்டைக்காரி எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "பதினோராம் மாதம்! உங்கள் குழந்தை இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். நிற்கிறதா?"

எங்களுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். மழித்த தலை, நிறையச் சந்தனம், தோளில் ஈரத் துண்டு. கையில் எதுவும் இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. எனக்கு ஒரு நிமிஷம் யாரென்றே தெரியவில்லை. தரையைத் தொட்ட அந்தப் பின்னலைத்தான் நான் அடையாளம் வைத்திருந்தேன்.

"நான்தாங்க கண்டிகை," என்றாள்.

ஆர்.கே.பேட்டைக்காரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வேண்டுதலா உனக்கும்? குட்டி எங்க? வூட்டுக்காரர்கிட்ட கீறானா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா சொல்லுவாங்க" என்றாள்.

பதினோரு மாதம் அவளைச் சொல்லவிடாமல் செய்தவள் நான். இப்போது நானே சொன்னேன். "கொழந்த பொறக்கும்போதே உயிர் இல்லம்மா. உன் வளைகாப்பு அன்னிக்கு இவ எழுதினா. நீங்கல்லாம் பயந்துடுவீங்கன்னு நான்தான் மறைச்சிட்டேன்."

நாவிதர் ஒருவர் அடுத்து யார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்டிகைக்காரிதான் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நீங்க அழிச்சீங்க. அடுத்த மாசம் நீங்களே வந்து, கொழந்த எப்டி கீதுன்னு கேட்டீங்க. நான் பேசாம இருந்தேன். மறுபடி எல்லாரும் பாக்கறாப்ல எம்பேரச் சொல்லிக் கேட்டீங்க. அக்காவுக்குத் தெரியும், தெரிஞ்சிகினே கேக்கறாங்கன்னா... அப்ப அவன் எங்கயோ நல்லா கீறான்னுதானே நான் நெனைப்பேன்?"

"அது நான் இல்லம்மா. மெஷின்."

"உங்க படந்தானே இருந்துச்சி."

அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கிட்டே வந்தாள். "மறைச்சேன்னு சொன்னீங்களே. அப்ப அழிக்கலியா? இன்னும் கீதா அது?"

"இருக்கு."

"காட்டுங்கக்கா. அதுல அவன் பேர எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரி சீட்டுல ஆண் கொழந்தன்னு மட்டுந்தான் போட்டாங்க. வூட்ல யார்கிட்டயும் சொல்லல. அங்க ஒரு வாட்டி எழுதினதுதான், அப்பறம் எழுதக் கை வரல."

முதல் வரிக்கு மேல் நான் படிக்கவே இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திறந்து கொடுத்தேன். சாம்பல் எழுத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிறுத்தி, ஃபோனைக் கிட்டே வைத்துக்கொண்டு, அந்தப் பேரை வாய்விட்டுப் படித்தாள். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை. மறுபடியும் ஒருமுறை படித்தாள். அழவில்லை. நாங்கள்தான் அழுதோம்.

ஆர்.கே.பேட்டைக்காரி தன் பையனை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளைத் தூணடியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு, பிள்ளை பெற்ற எல்லாரிடமும் அந்த அறையில் கேட்ட கேள்வியை, அதே குரலில் கேட்டாள்.

"எவ்ளோ எடை இருந்தான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "ரெண்டே கால் கிலோ."

"செவப்பா, மாநெறமா?" என்றாள் அரக்கோணத்துப் பெண்.

"மாநெறம். அவுங்கப்பா மாதிரி."

"மூக்கு?"

"மூக்கும் அவுங்கப்பாதான்." அவள் கை தன் சந்தனத் தலைமேல் போய் நின்றது. முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தாயின் பெருமையைப் பார்த்தேன். "ஆனா முடி என்னுதுங்க. தல நெறைய முடி. நெத்தி வரிக்கும் வந்திருந்துச்சி."